அட்டையில் ‘1950’ என்று இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: பழைய பச்சிங்கோ வாங்கி நான் பட்ட பாடு

போன சனிக்கிழமை, என் பச்சிங்கோவை வாங்கிய கடை வழியாகப் போனோம். பச்சிங்கோ என்பது, ஆணிகளுக்கு நடுவே இரும்புக் குண்டு விழுந்தோடும் ஜப்பானிய ஆட்ட மெஷின். கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு பச்சிங்கோ மெஷின் நின்றது. அதன்மேல் ஒரு அட்டை: “1948, ஜப்பான். முழுதும் புதுப்பித்தது.” என் மெஷினில் தொங்கிய அட்டையிலும் இதே கையெழுத்து, இதே வார்த்தைகள், வருஷம் மட்டும் 1950. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒன்றரை வருஷமாக இதை எழுதாமல் இருந்தது என் தப்பு. அடுத்து அங்கே பணத்தைக் கொடுக்கப்போகிறவர் யாரோ, அவர் கண்ணில் இது பட்டால் போதும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. கடை பென்சில்வேனியா பக்கம், பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சிற்றூரில். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏமாற்றும் முறையைத்தான் சொல்லப்போகிறேன், அது எந்தக் கடையிலும் நடக்கலாம்.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்த பேகட்டல் போர்டு. சரிவான மரப்பலகை, அரைவட்டமாக ஆணிகள், இரும்புக் குண்டு, ஸ்பிரிங் கம்பி. கோடை லீவு முழுக்க அதன் முன்னால்தான் கிடப்போம். பச்சிங்கோவுக்கும் அதே வம்சம்தான். மேல்நாட்டு பேகட்டல் ‘கொரிந்து ஆட்டம்’ என்ற பெயரில் ஜப்பானுக்குப் போய், அங்கே இடத்தை அடைக்காமல் சுவரோடு நிமிர்ந்து நின்றுகொண்டது. இன்று நாம் பார்க்கும் ஆணி அமைப்புக்கு அடிப்படை போட்டவர் நகோயாவின் மசாமுரா தகேயிச்சி. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருஷங்களில் அவர் செய்தது. நிமிர்ந்து நிற்கும் பேகட்டல் என்று தெரிந்ததும் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கடைக்காரர் சொன்ன விலை 480 டாலர். ரொக்கமாகக் கொடுத்தால் 450. “1950-இல் செஞ்சது. வேலை எதுவும் பாக்க வேண்டாம். ப்ளக்கை மாட்டுங்க, விளையாடுங்க” என்றார். சுவிட்சைப் போட்டார், நடுவிலிருந்த பூ வெளிச்சமாக எரிந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு குண்டு விட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். குண்டெல்லாம் பின்னாடி ஸ்டோரில் இருக்கிறது, வண்டியில் ஏற்றும்போது தருகிறேன் என்றார். அந்த இடத்திலேயே நான் நடையைக் கட்டியிருக்க வேண்டும். குண்டு ஓடாத பச்சிங்கோ வெறும் மரப்பெட்டி. விளக்கு எரிகிறதா என்பது அதில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

வீட்டுக்கு வந்து முன்தட்டில் குண்டுகளைக் கொட்டி லீவரை அழுத்தினேன். ஒன்றும் ஏறவில்லை. கடைக்குப் போன் செய்தால், “இங்கே நல்லாத்தான் இருந்தது, ஏத்தி இறக்கினதுல நீங்கதான் எதையோ உடைச்சிருப்பீங்க” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, நான்தான் உடைத்துவிட்டேன் என்றே நம்பினேன்.

எதுவும் உடையவில்லை. புதிதாக வாங்கும் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். மெஷினின் பின்பக்கம் உச்சியில் ஒரு தொட்டி இருக்கும். நாம் ஜெயித்தால் வரவேண்டிய குண்டுகள் அங்கிருந்துதான் வரும். நாம் விட்ட குண்டு பலகையில் இருக்கும் ஏதாவது ஒரு வாய்க்குள் (குண்டு விழும் குழி) விழுந்தால், அது பலகைக்குப் பின்னால் போய்த் தன் எடையாலேயே ஒரு நெம்புகோலைத் தட்டும். மணி அடிக்கும், தொட்டிக்குக் கீழே வரிசையில் காத்திருக்கும் குண்டுகள் மொத்தமாக முன்தட்டில் கொட்டும், என்னுடையதில் 15. இதற்குக் கரண்டே வேண்டாம், எல்லாம் எடையும் சரிவும் செய்கிற வேலை. தொட்டி காலியாக இருந்தால் ஜெயித்தவருக்குக் கொடுக்கக் குண்டு இருக்காது. அதனால் அந்தக் காலத்திலேயே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்: தொட்டியில் போதுமான குண்டு இல்லையென்றால் லீவருக்குக் குண்டு வராது. பச்சிங்கோ கூடத்தின், அதாவது காசு கொடுத்து இதை ஆடும் இடத்தின், பணியாளர் பின்னாலிருந்து நிரப்பினால்தான் ஆட்டம் தொடரும். ஆக, முதல் வேலை பின்தொட்டியை நிரப்புவது. ஒரு கைப்பிடி போதாது, நூறுக்கு மேல் வேண்டும். ஆட்டத்தில் தோற்ற குண்டுகள் அடியில் இருக்கும் துளை வழியாகப் பின்பக்கம் கீழே விழும், அங்கே ஒரு டப்பா வையுங்கள். இந்த இரண்டு வரியைச் சொல்ல அந்தக் கடைக்காரருக்கு வாய் வரவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

தொட்டியை நிரப்பினேன். குண்டு ஏறியது, விழுந்தது, ஒரு வாய்க்குள்ளும் போனது. மணி அடிக்கவில்லை. பின்னால் பார்த்தால் குண்டுகள் பாதையிலேயே சிக்கி நின்றன. என் கணவர் வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து அளந்தார்: 11.11 மில்லிமீட்டர். பச்சிங்கோ குண்டு சரியாக 11 மில்லிமீட்டர்தான். எனக்குக் கொடுத்தது 7/16 அங்குலச் சாதாரண பால்ரஸ் குண்டு! ஒரு குண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, இருபது குண்டு வரிசையாக நிற்கும் குறுகலான பாதையில் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அசல் குண்டை அடையாளம் காண்பது சுலபம், அதன்மேல் ஏதாவது ஒரு கூடத்தின் முத்திரை சின்னதாகப் பொறித்திருக்கும். கடைக்காரர் தந்த 200 குண்டும் மொழுமொழுவென்று இருந்தன. மெஷினோடு வந்திருக்கக்கூடிய பழைய குண்டுகள் எங்கே போயின என்று கேட்டேன். பதில் இல்லை.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை. நடுப்பூவின் பின்னால் பல்பு சூடேறி, சிவப்பு இதழ் ஒன்று உருகித் தொங்கியது. அவர் மாட்டிவிட்டிருந்த அடாப்டரில் 24 வோல்ட் என்று எழுதியிருந்தது. 24 வோல்ட் பிற்கால மெஷின்களின் கணக்கு. 1980-இல் சான்கியோ கம்பெனியின் ‘ஃபீவர்’ மெஷின் வந்து எல்லாம் எலக்ட்ரானிக் பக்கம் போன பிறகு வந்தவற்றுக்கு அது சரி. என்னுடையது அதற்கு முந்திய ரகம், அதில் விளக்கு மட்டுமே மின்சாரம் கேட்கும். 70-களில் ஜப்பானியக் கூடங்கள் கழித்துவிட்ட மெஷின்கள் அமெரிக்க வீடுகளுக்குக் கப்பலில் வந்தபோது, பலவற்றில் விளக்குக்காக ஒரு 9 வோல்ட் பேட்டரி கிளிப் வைத்திருந்தார்கள். என் மெஷினில் அந்த கிளிப்பை வெட்டிவிட்டு, ஐம்பது வருஷ ஒயரோடு அடாப்டரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஒயரின் உறை தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பின்பக்கம் முழுக்க மரம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது, அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

இவ்வளவுக்கும் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. திரும்ப அவரிடமே ரிப்பேருக்குக் கொடுத்தேன். தன்னிடம் ‘இதில் கைதேர்ந்த’ ஒருவர் இருக்கிறார் என்றார். 140 டாலர், மூன்று வாரம்.

திரும்பி வந்தபோது ஆணிகள் எல்லாம் நேராக இருந்தன. “கோணலா இருந்ததெல்லாம் சரிபண்ணிட்டோம்” என்று பெருமையாகச் சொன்னார்.

பச்சிங்கோவின் உயிரே அந்தக் கோணலில்தான் இருக்கிறது. பித்தளை ஆணி ஒவ்வொன்றும் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அப்போதுதான் குண்டு கண்ணாடிப் பக்கம் வழியாமல் பலகையை ஒட்டியே ஓடும். வாய்க்கு நேர் மேலே இருக்கும் இரண்டு ஆணிகளை ஜப்பானில் உயிர் ஆணி என்றே சொல்கிறார்கள். அவற்றின் இடைவெளி ஒரு மயிரிழை கூடினால் குண்டு நிறைய விழும், குறைந்தால் விழாது. அதைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரிசெய்வதற்கென்றே ‘குகிஷி’ என்ற தொழிலாளர்கள் இருந்தார்கள், ஆணிக்கலைஞர் என்று சொல்லலாம். எப்போதோ யாரோ ஒரு குகிஷி கணக்குப் பார்த்துத் தட்டிய கோணங்களை இந்த ‘கைதேர்ந்தவர்’ குறடால் நிமிர்த்திவிட்டார். மேல் வாய்க்கு மேலிருந்த உயிர் ஆணிகளை 11 மில்லிமீட்டருக்கும் கீழே நெருக்கிவிட்டார், குண்டு அதற்குள் போகவே வழியில்லை.

அதோடு நிற்கவில்லை. பலகையின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணப் படம் செல்லுலாய்டு தாள். அழுக்கு போக தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். பல தின்னர்களில் அசிட்டோன் இருக்கும், செல்லுலாய்டு அதில் கரையும். இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படம் மங்கி வெள்ளைப் புகை மாதிரி நிற்கிறது. பின்பக்க நெம்புகோல்களில் ஸ்பிரே எண்ணெய் வழிய வழிய. எண்ணெய் குண்டில் ஏறி, குண்டு வழியாகப் படத்தில் ஏறி, அதில் தூசி ஒட்டி… துடைக்கப் பிழிந்த ஈரத்துணியும் ஒரு சொட்டு சோப்பும் போதும் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

வருஷம் பற்றிய பொய் தெரியவந்தது தற்செயலாக. என் கணவரோடு வேலை பார்க்கும் ஒரு ஜப்பானியப் பெண்மணி வீட்டுக்கு வந்தபோது பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அதில் ‘50’ என்று இருந்தது. அது ஷோவா 50, ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு. ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். 50-ஐக் கூட்டினால் 1975. கடைக்காரர் முன்னால் ஒரு 19-ஐ ஒட்டி 25 வருஷத்தை ஏற்றிவிட்டார். சீட்டு இல்லாவிட்டாலும் நானே கண்டுபிடித்திருக்கலாம்: என் மெஷினில் குண்டு விழுந்தால் இதழ் விரியும் வாய்கள் நான்கு இருக்கின்றன. டூலிப் என்று பெயர். அவை பச்சிங்கோவில் வந்ததே 1960-இல்தான்.

போய்க் கேட்டேன். அடாப்டர், குண்டு, ஆணி, படம், வருஷம் எல்லாவற்றையும் போட்டோவோடு காட்டினேன். அவர் ரசீதை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார்: “உள்ளது உள்ளபடி விற்பனை, திரும்பப் பெறுவதில்லை.” அட்டையில் எழுதியிருந்த எதையும் ரசீதில் எழுதவில்லை. அட்டையையும் ஏற்றும்போதே அவர் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம், 30 டாலருக்கு ஆசைப்பட்டு ரொக்கம் கொடுத்திருந்தேன்.

ஆகவே வாங்கப்போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கடையிலேயே பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். தொட்டியில் குண்டு போட்டு, குண்டு ஒன்றைக் கையாலேயே ஒரு வாயில் போட்டு, மணி அடித்துப் பதினைந்தும் கொட்டுகிறதா என்று பாருங்கள். இது ஓடினால் மெஷினின் முக்கால்வாசி சரி. குண்டில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைத் தொட்டுப் பாருங்கள். அடாப்டர் மாட்டியிருந்தால் வோல்ட் எவ்வளவு என்று படியுங்கள். சீட்டில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுங்கள். “வேலை செய்கிறது”, “இந்த வருஷம்” என்று வாயால் சொன்னதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். 70-களின் மெஷின்கள் இந்த நாட்டில் அபூர்வம் இல்லை, நிறையவே வந்திருக்கின்றன. யாரோ ஒருவர் வீட்டு நிலவறையிலிருந்து நேர்மையாக விற்கும்போது வாங்கலாம். அப்படி வாங்கியதில் ஆணி கோணலாக இருந்தால், தயவுசெய்து தொடாதீர்கள்.

அப்பா போன கோடையில் ஆறு மாதம் வந்திருந்தார். திருவெறும்பூர் பெல் (BHEL) ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷினைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “ஏம்மா, ஆணியைக் குறடால புடிச்சவன் யாரு?” பித்தளையில் குறடின் பல் பதிந்த தடத்தைக் காட்டினார். “பித்தளைம்மா இது. ஒரு தடவை வளைச்சா கேக்கும். திரும்பத் திரும்ப வளைச்சா ஒடிஞ்சிடும்.” இதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் ஒரிகனில் கிடைத்தார். முன்பின் தெரியாத எங்களுக்காக நாற்பது போட்டோ எடுத்து அனுப்பினார், ஒவ்வொன்றிலும் ஆணிகளுக்கு இடையில் அளவுகோல். அதை வைத்து அப்பா தினமும் காலையில் காபி குடித்துவிட்டு நாலு ஆணி, அஞ்சு ஆணி என்று தட்டினார். அவசரப்படவே இல்லை. இரண்டு ஆணி ஒடிந்தன, மாற்றினோம். அசல் குண்டு 300 தனியாக வாங்கினோம். விளக்குக்கு ஒயரைப் புதிதாகப் போட்டு 9 வோல்ட் பேட்டரி மாட்டினோம்.

உருகிய இதழுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. இடது ஓரத்து வெள்ளைப் புகையும் போகாது, படம் போனது போனதுதான். மேல் வாயில் குண்டு விழுந்து மணி அடித்த அன்று அப்பா தட்டில் கொட்டியதை ஒவ்வொன்றாக எண்ணினார். சரியாகப் பதினைந்து. மகள் மறுபடியும் எண்ணச் சொன்னாள். எண்ணினார்.