அம்மாவை அவசரப்படுத்தாமல் பார்த்த மெமரி கிளினிக்

நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. சிறுநீர்த் தொற்றால் படுத்திருந்தபோது, இரவில் இல்லாத ஆட்களோடு பேசினார். காலையில் தெளிவாக இருப்பார். அந்த வாரமே வேறோர் இடத்தில் பத்து நிமிடம் கேள்வி கேட்டு, 30க்கு 17 என்று போட்டு, டிமென்ஷியா (மறதி நோய்) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை.

இங்கே மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்தச் சோதனை எடுத்தபோது காய்ச்சல் இருந்ததா?" சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென வந்து, கூடிக் குறையும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். அது இருக்கும்போது எடுத்த மதிப்பெண்ணை வைத்து டிமென்ஷியா என்று முடிவு கட்டக் கூடாது என்றார். மனநல மருத்துவர்கள் நோயை வகைப்படுத்தப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடும் டெலிரியத்தைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. நினைவும் சிந்தனைத் திறனும் குறைவதை லேசானது, தீவிரமானது என்று பிரிக்கிறது; டிமென்ஷியா தீவிரமானதில் வரும்.

சோதனைக்கு முன் செவிலியர், "அம்மா, காது மெஷின் போட்டுக்கோங்க, கண்ணாடியும்" என்று காத்திருந்தார். முன்பு போன இடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. கடிகாரம் வரைவது, ஐந்து சொற்களை நினைவில் வைத்துப் பிறகு சொல்வது என்று மோகா எனப்படும் 30 மதிப்பெண் நினைவுத்திறன் சோதனை நடந்தது. அம்மா எட்டாவது வரைதான் படித்தவர் என்பதால் அதன் விதிப்படி ஒரு மதிப்பெண் கூட்டி, 24 வந்தது. 26க்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும் என்பதுதான் அர்த்தம், அதுவே நோயின் பெயர் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள்.

அப்புறம் என்னிடம் அரை மணி நேரம் பேசினார்கள். மாத்திரையை அவரே எடுத்துக்கொள்கிறாரா? பணக் கணக்கு? தனியாக வெளியே போய் வருகிறாரா? எல்லாம் செய்கிறார், டைரியில் குறித்துவைத்து, முன்பைவிட மெதுவாக. லேசானதா தீவிரமானதா என்பதை இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கின்றன என்று அன்றுதான் புரிந்தது. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் விசாரித்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது, வைட்டமின் பி12 குறைவு.

இப்போதைக்கு லேசான குறைபாடு என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அல்சைமரா, ரத்தக்குழாய் சார்ந்ததா என்று காரணத்தை எழுதவில்லை. பி12 ஊசி போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

அந்த ஒரு நட்சத்திரம்: என்னிடம் பேசிய அறையின் கதவை யாரும் சாத்தவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த அம்மா, காது மெஷினோடு, நான் சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறார்.