சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 9 வரை: எந்த க்வெரி சரி?

காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியின் பில்லிங் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வீடு தண்டையார்பேட்டையில். பக்கம் என்பதால் முதலாளிக்கு ஏதாவது வேண்டுமென்றால் போன் வராது, ஆள்தான் வருவார். போன மாதம் நானே போய் நின்றபோது கேட்டார்:

“தம்பி, சனி ராத்திரி பதினோரு மணிலேர்ந்து ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது வரைக்கும் எத்தினி கட்டி போவுது? ஆறு மாசத்துக்கு எடுத்துக் குடு. இன்னொரு ஆள் போடலாமான்னு பாக்கணும்.”

“சாயங்காலம் தரேண்ணா” என்று வாய்விட்டுவிட்டேன். ஞாயிறு விடியலில் காசிமேட்டில் என்ன கூட்டம் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாரா வாரம் திரும்பி வரும் அந்தப் பத்து மணி நேரம் டேட்டாபேஸுக்குத் தெரியாது. ஒவ்வொரு பில்லிலும் ஒரு தேதியும் ஒரு மணியும் இருக்கும், அவ்வளவுதான். மீதியை நாம்தான் க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில், சொல்லித்தர வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன், முதல் வழியில் அடியும் வாங்கினேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கிழமையையும் மணியையும் தனித்தனியாகப் பார்ப்பது. கிழமை சனி அல்லது ஞாயிறு, மணி 23-க்கும் 9-க்கும் நடுவில் என்று எழுதினால் ஒரு பில்கூட வராது. 23-ஐவிடப் பெரிதாகவும் 9-ஐவிடச் சிறிதாகவும் இருக்கும் எண்ணுக்கு எங்கே போவது? உடனே “மணி 23-க்கு மேல் அல்லது 9-க்குக் கீழ்” என்று மாற்றினேன். எண்கள் கொட்டின. கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி விவரப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்: “இது ஜூஸ் கடைக்காரன் பில்லாச்சே, சனிக்கெழம காலைல ஏழு மணிக்கு வாங்குவான். இதுல எப்படி வந்தான்?” அந்த நிபந்தனையில் சனிக்கிழமை காலையும் உள்ளே வந்துவிடும், ஞாயிறு இரவும் வந்துவிடும். சரியான வடிவம் இது:

(கிழமை = சனி, மணி ≥ 23) அல்லது (கிழமை = ஞாயிறு, மணி < 9)

இதில் 9-க்கு முன்னால் “குறைவு” மட்டுமே இருக்கிறது, “சமம்” இல்லை. “இதற்கும் அதற்கும் நடுவில்” என்று கேட்கும் பிட்வீன் என்ற சொல்லை எழுதினால் இரண்டு முனையும் உள்ளே வரும். சரியாக 9 மணிக்குப் போட்ட பில் இந்தக் கணக்கிலும் சேரும், 9-க்குத் தொடங்கும் அடுத்த ஷிப்டின் கணக்கிலும் சேரும்.

ஒரே ஒரு நேரம், ஒரே ஒரு கேள்வி என்றால் இந்த வழியே போதும். ஆறு மாதம் கழித்து யார் படித்தாலும் புரியும். ஆனால் வெள்ளி இரவு 10 முதல் திங்கள் காலை 6 வரை என்று யாராவது கேட்டால் மூன்று துண்டாக வெட்ட வேண்டும்: வெள்ளி இரவு, சனியும் ஞாயிறும் முழுதாக, திங்கள் காலை. நேரத்தை மாற்றும்போதெல்லாம் நிபந்தனையின் உருவமே மாறும். எனக்கு இதில்தான் பயம்.

இன்னொரு தலைவலி கிழமை எண். டேட்டாபேஸ் மென்பொருள் ஒவ்வொன்றும் கிழமையை ஒவ்வொரு விதமாக எண்ணும். போஸ்ட்கிரெஸ்ஸில் டவ் என்று கேட்டால் ஞாயிறு 0, சனி 6. ஐஎஸ்ஓடவ் என்று கேட்டால் திங்கள் 1, ஞாயிறு 7. மைஎஸ்க்யூஎல்லில் டேஆஃப்வீக் ஞாயிறை 1 என்கிறது, வீக்டே திங்களை 0 என்கிறது. எஸ்க்யூஎல் சர்வரிலோ டேட்ஃபர்ஸ்ட் அமைப்பைப் பொறுத்து எண்ணே மாறும்.

இரண்டாவது வழி கொஞ்சம் கணக்கு. வாரத்தில் 10,080 நிமிடங்கள். திங்கள் நள்ளிரவு 12 மணியை 0 என்று வைத்தால் சனி இரவு 11 மணி 8,580-வது நிமிடம், ஞாயிறு காலை 9 மணி 9,180-வது நிமிடம். ஒவ்வொரு பில்லின் நேரத்தையும் இப்படி “வார நிமிடம்” ஆக்கிவிட்டால் கிழமை, மணி என்ற இரட்டைப் பேச்சே கிடையாது. 8,580 அல்லது அதற்கு மேல், 9,180-க்குக் கீழ். முடிந்தது.

அதே ஃபேக்டரியில் ஞாயிறு இரவு 10 முதல் திங்கள் காலை 6 வரை மெஷின் கழுவும் ஷிப்ட். அது 9,960-இல் தொடங்கி 360-இல் முடிகிறது. மறுபடியும் பழைய சிக்கல். இதற்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. பில்லின் வார நிமிடத்திலிருந்து தொடக்க நிமிடத்தைக் கழித்து, 10,080-ஐக் கூட்டி, 10,080-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதி, ஷிப்டின் நீளத்தைவிடக் குறைவா? மெஷின் ஷிப்டுக்கு 480, நம்ம ஐஸ் கணக்குக்கு 600. நேரம் வாரத்தின் விளிம்பைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் நிபந்தனை ஒன்றுதான், இரண்டு எண்கள் மட்டும் மாறும். 10,080-ஐக் கூட்டுவதை விட்டுவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் கழித்தல் எண்ணை வகுத்தால் மீதியும் கழித்தல் எண்ணாகவே வரும், அது எப்போதும் 600-க்குக் கீழ்தான் இருக்கும், தொடக்க நிமிடத்துக்கு முந்தைய பில் எல்லாம் உள்ளே வந்துவிடும். இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் 8,580 என்றால் என்ன என்று அடுத்து வரும் பையனுக்கு உட்கார்ந்து விளக்க வேண்டும்.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் சர்வர் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வைத்திருக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இந்திய நேரத்துக்கு மாற்றாமல் கிழமையை எடுத்தால், சனி 23 முதல் ஞாயிறு 9 வரை என்று நீங்கள் கேட்பது உண்மையில் ஞாயிறு விடியற்காலை 4.30 முதல் பிற்பகல் 2.30 வரை ஆகிவிடும். அதுவும் பத்து மணி நேரம்தான், எண்களும் நம்பும்படியாகவே இருக்கும். அதனால் கண்ணில் படாது. முதலில் ஆசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் கிழமை. நேரமண்டலத்தோடு நேரத்தை வைக்கும் நெடுவரிசை என்றால், போஸ்ட்கிரெஸ்ஸில் இப்படி மாற்றி எடுத்தால்தான் அந்தக் கணக்கின் மேல் இண்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) போட முடியும்.

வேகம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நேர நெடுவரிசையைக் கிழமை எடுப்பது போன்ற ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டால் அதன் மேல் இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, அது உண்மை. ஆனால் நாளுக்கு 300 பில் என்றாலும் வருஷத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம்தான். தேதி வரம்பை வைத்து ஆறு மாதத்தை முதலில் இண்டெக்ஸால் அறுத்துவிட்டு மீதியை ஃபங்ஷனால் சலித்தால், என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிடும். கோடிக்கணக்கில் வரிகள் இருப்பவர்கள் கவலைப்படட்டும்.

மூன்றாவது வழிதான் இப்போது ஓடுகிறது. தனியாக ஒரு டேபிள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரி, அதில் தொடக்கம், முடிவு, ஒரு பெயர். ஆறு மாதத்துக்கு 26 வரிகள். பில்லின் நேரம் தொடக்கத்துக்குச் சமமாகவோ பிறகோ, முடிவுக்கு முன்போ இருந்தால் சேர்த்துக்கொள். கிழமை கிடையாது, நிமிடக் கணக்கு கிடையாது. நேர நெடுவரிசையை யாரும் தொடாததால் சாதாரண இண்டெக்ஸே வேலை செய்யும். வாரவாரியாகக் கூட்ட வேண்டுமென்றால் அந்த வரியின் எண்ணை வைத்தே கூட்டலாம். சனி இரவு ஒரு பக்கம், ஞாயிறு காலை ஒரு பக்கம் என்று பிரியாது.

இதற்கு என்னை இழுத்தது மீன்பிடித் தடைக்காலம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகள் போகும் என்பதால் ஐஸ் விற்பனை நின்றுவிடாது, ஆனால் வழக்கமான கணக்கு அது இல்லை. அந்த எட்டு ஒன்பது ஞாயிறுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆள் வேண்டாம் என்றுதான் விடை வரும். டேபிளில் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் “தடை” என்று குறித்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்த வாரமும் அப்படியே. மற்ற இரண்டு வழிகளிலும் இதை நுழைத்துப் பாருங்கள், க்வெரி வாலாக நீளும்.

குறை இல்லாமல் இல்லை. டேபிளில் வரி தீர்ந்துபோனால் க்வெரி தப்பு சொல்லாது, பூஜ்யம் சொல்லும். அதனால் வரிசையாகத் தேதிகளை உண்டாக்கித் தரும் போஸ்ட்கிரெஸ்ஸின் ஜெனரேட் சீரிஸை வைத்து ஏழு நாள் இடைவெளியில் இரண்டு வருஷத்துக்கு முன்கூட்டியே நிரப்பிவிட்டேன். இரண்டு வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் ஒரே பில் இரண்டு முறை எண்ணப்படும். அதைத் தடுக்க போஸ்ட்கிரெஸ்ஸில் ரேஞ்ச் வகையும் (தொடக்கம், முடிவு இரண்டையும் ஒரே மதிப்பாக வைப்பது) எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்டும் (ஒன்றன் மேல் ஒன்று ஏறும் வரியை ஏற்க மறுக்கும் விதி) இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்காரர்கள் இந்தக் காவலை வேறு வகையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

புது ஆள் வந்தாகிவிட்டது. வந்த கையோடு முதலாளி சனி இரவு ஷிப்டைப் பத்தரைக்கு முன்னே தள்ளிவிட்டார். இனி வரும் வாரங்களின் வரிகளில் தொடக்க நேரத்தை மட்டும் மாற்றினேன். போன மாதம் கொடுத்த கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தோம், ஒரு கட்டிகூட மாறவில்லை.