பழைய சைட்டேஷனா, மஸ்டாங்கா?

சொந்த ஜெட்டைத் தானே ஓட்ட நினைக்கும் அமெரிக்கர் செஸ்னா நிறுவனத்தின் இந்த இரண்டு சிறு ஜெட்களையும் எடைபோடுவதுண்டு: 1970களின் சைட்டேஷன் 501, 2006-இல் சான்று பெற்ற மஸ்டாங். இரண்டையும் ஒற்றை விமானி ஓட்டலாம், இரண்டும் 41,000 அடி ஏறும். டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்ட விமானி பெறும் தகுதி) மட்டும் தனித்தனி.

வாங்கும்போது 501 மலிவு. அப்புறம்தான் கதை. அதன் ஜேடி15டி எஞ்சின்கள் எரிபொருளைத் தாராளமாகக் குடிக்கும். ஓவர்ஹால் (எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) நெருங்கிய எஞ்சின் ஜோடி என்றால் அந்தச் செலவு விமானத்தின் விலையையே தாண்டிவிடலாம். பெரிய சோதனையில் தரைப்பலகையைக் கழற்றினால் உலோக அரிப்பு காத்திருக்கவும் கூடும். பெயின்ட்டில் மயங்காமல் லாக்புக்கை (பராமரிப்புப் பதிவேட்டை) படியுங்கள்.

மஸ்டாங்கில் விமானி அறையில் கார்மின் ஜி1000 டிஜிட்டல் திரைகள், சிக்கனமான எஞ்சின்கள், கேபின்தான் இடுக்கம். மாதம் நாலைந்து மணி நேரமே பறப்பவருக்கு 501 போதும் என்பேன், ஓவர்ஹால் பணம் தனியாக இருந்தால்.