கால் எட்டாத பைக்: சீட்டை வெட்டலாமா, லிங்க் மாற்றலாமா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி மேட்டுச் சாலை கிடையாது. ஆனாலும் உயரம் குறைந்தவர்கள் வண்டியோடு சாய ஓர் இடம் இருக்கிறது. கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் வழியில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது, தார் முடிந்து மண் சரியும் விளிம்பில் இடது காலை ஊன்றுவோமே, அங்கேதான். அங்கே காலுக்குக் குறையும் இரண்டு விரற்கடையை வண்டியின் எந்தப் பாகத்திலிருந்து எடுப்பது?

முதலில் சீட். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்கு சீட் உயரம் 800 மி.மீ., கிளாசிக் 350-க்கு 805. எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கால் எட்டுவதை உயரத்தைவிட அகலமே அதிகம் தீர்மானிக்கிறது. குஷன் கடையில் கொடுக்கும்போது, "மேலே 25 மி.மீ. எடுங்க, முன்பக்கத் தொடை ஓரத்தை ரெண்டு பக்கமும் சரிவா இழைங்க" என்று சொல்ல வேண்டும். நடுவில் மட்டும் பள்ளம் தோண்டினால் ஓரம் தொடையை அகட்டிவிடும், பலன் பாதி போய்விடும். ஃபோம் 40 மி.மீ.க்குக் குறைந்தால் அரை மணி நேரத்தில் அடித்தட்டு குத்தும். ரெக்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள். தையல் வழியே மழைநீர் இறங்கினால் ஸ்பாஞ்ச் நாள்கணக்கில் காயாது. சீட்டில் கை வைத்தால் தரை இடைவெளி துளியும் குறையாது. ஐப்பசி மழையில் இந்திரா காந்தி சிலையைச் சுற்றித் தேங்கும் தண்ணீரில், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது பிரீலோடு, அதாவது ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பது. காசே செலவில்லை, ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின் சக்கரம் தரையில் படாமல் தூக்கிவைத்து, அச்சிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளி வரை டேப்பால் அளக்கவும். பிறகு ஆள் ஏறி உட்கார்ந்து அளக்கவும். வித்தியாசம் சக்கர ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தத் தூரம்) 30 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். ஹிமாலயன் 411-இல் ஓட்டம் 180 மி.மீ., அதாவது சுமார் 54. ஐம்பது கிலோ ஆளுக்கு 35-தான் வந்தால் தளர்த்த இடம் இருக்கிறது, 15 மி.மீ. வரை இறங்கும். அதற்குமேல் தளர்த்தினால் பின்னால் ஆள் ஏறியதும் ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கும்.

லோயரிங் லிங்க்தான் கடைகளில் ஆசை காட்டும் சாமான். பின் ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இணைக்கும் லிங்கேஜ் என்ற தண்டுகளுக்குப் பதிலாக வேறு நீளத்தில் மாட்டுவது இது; லிங்கேஜ் உள்ள வண்டிக்கு மட்டுமே பொருந்தும். ஷாக்கை நேராக ஸ்விங் ஆர்மில் மாட்டிய கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்றவற்றுக்கு இந்தப் பேச்சே இல்லை. சிக்கல் என்னவென்றால், ஷாக்கின் ஓட்டம் குறையாமல் சக்கரம் மட்டும் வண்டியின் சட்டகத்துக்கு நெருங்கி வருகிறது. முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டைத் தொடலாம். உப்புக்காற்றில் லிங்க் பேரிங் வேறு சீக்கிரம் இறுகும், மழைக்காலம் முடிந்ததும் கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும்.

ஷாக்கைப் பிரித்து உள்ளே ஸ்பேசர் (இடைவளையம்) வைப்பது இதைவிட முறையான வேலை. ஓட்டம் குறையும், ஆனால் சக்கரத்தின் மேல் எல்லை மாறாது. மோனோஷாக்கில் (பின்னால் ஒரே ஷாக்) 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் 20 முதல் 30 வரை இறங்கும். கேஸ் ஷாக்காக இருந்தால் நைட்ரஜன் ஏற்றத் தெரிந்த பட்டறை வேண்டும். கிளாசிக் மாதிரி இரட்டை ஷாக் வண்டிக்குக் குட்டை ஷாக் வாங்கி மாட்டுவதை நான் ஒப்ப மாட்டேன், லிங்க்கின் அதே மட்கார்டு வியாதி இதற்கும் உண்டு.

பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஆகவே முன் ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடிக்கும் கிளாம்பில் மேலேற்ற வேண்டும். எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, ஒரு தடவைக்கு 5 மி.மீ., இரு பக்கமும் ஸ்கேலால் சமம் பார்த்து. பத்தைத் தாண்டும் முன், ஃபோர்க் முழுதாக அமுங்கினால் மட்கார்டு எதிலாவது இடிக்குமா, பிரேக் ஹோஸ் இழுபடுமா என்று பார்க்கவும். போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கே முறுக்க வேண்டும், கூடினால் குழாய் நசுங்கும். பிறகு செயின் தளர்வை மறுபடி அளக்க வேண்டும்.

சைடு ஸ்டாண்டைக் கடைசியில் தொடுங்கள். இறக்கிய வண்டி பழைய ஸ்டாண்டில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் விழும். உயரமெல்லாம் முடிவான பிறகு அளந்து வெட்டி வெல்டிங் வைக்கவும். அதற்குமுன் ஸ்டாண்டை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடித்தால் எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டியான ஈசியூவுக்கும் சேர்த்துச் செலவு வரலாம்.