உறைபனியில் மீன்குளம்: மிதக்கும் ஹீட்டரா, ஏர் பம்ப்பா?

டொராண்டோவில் ஜனவரி வந்தால் கொல்லைப்புறக் குளத்தின் மேல்பரப்பு கண்ணாடியாய் இறுகிவிடும். குளம் நாலடி ஆழம் இருந்தால் கோய் மீன்களைக் குளிர் கொல்லாது. 4 டிகிரித் தண்ணீர்தான் கனமானது. அது அடியில் தங்க, மீன்கள் அங்கே அசையாமல் கிடந்து பிழைத்துக்கொள்ளும். அழுகும் இலைகளின் வாயு வெளியேற வழியில்லாமல் போவதுதான் ஆபத்து. பனியில் ஒரு ஓட்டை வேண்டும்.

மிதக்கும் ஹீட்டர் தன்னைச் சுற்றித் தட்டளவு ஓட்டையைத் திறந்தே வைக்கும். ஆனால் 1000 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் 24 யூனிட். குளிருக்கேற்பத் தானே ஓடி நிற்கும் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள்.

ஏர் பம்ப் விடும் குமிழிகளும் ஓட்டையை மூடவிடாது. 40 வாட் பம்ப்புக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது, ஆக்சிஜனும் சேரும். மைனஸ் 20-ஐ ஒட்டிப் போனால் குமிழிகளின் மேல் பனி கூரை கட்டிவிடலாம், தினமும் காலையில் எட்டிப் பாருங்கள். காற்றுக் கல்லை, அதாவது பம்ப் குழாயின் நுனியில் குமிழி விடும் கல்லை, அடியில் போடவே கூடாது. அங்கே தங்கிய வெதுவெதுப்பு கலைந்துவிடும். மேலிருந்து ஓரடியில் தொங்கட்டும்.

என் ஓட்டு பம்ப்புக்குத்தான். கடுங்குளிர் வாரங்களுக்கு ஒரு சின்ன ஹீட்டர் கைவசம் இருக்கட்டும். பனி மூடிவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள், அதிர்வு தாங்காது பாவம். கொதிநீர்ப் பாத்திரத்தைப் பனிமேல் வையுங்கள். வட்டமாக உருகி இறங்கும்.