யாஷிகா மேட் 124ஜி: மீட்டரை மறந்துவிட்டு வாங்க வேண்டிய கேமரா

இரட்டை லென்ஸ் கேமரா என்றால் ரோலிஃப்ளெக்ஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் அடுத்துத் தேடுவது யாஷிகா மேட் 124ஜி. 1970 முதல் 1986 வரை தயாரான கேமரா இது. 120 என்ற அகலமான ரோல் ஃபிலிமில் 6×6 செ.மீ. அளவில் 12 படம் எடுக்கும். எடை சுமார் 1.1 கிலோ. கறுப்பு வெள்ளையில் மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.-ஐவிடப் பெரிய ஃபிலிம்) பழக நினைப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் இதை விற்பவர்கள் எதை முதலில் சொல்கிறார்களோ, அதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள். "மீட்டர் வேலை செய்கிறது" என்பதுதான் அது. வெளிச்சத்தை அளந்து காட்டும் பாகம்தான் மீட்டர்.

பெயரிலுள்ள 'ஜி' தங்கத்தைக் குறிக்கிறது. மீட்டரின் மின் தொடர்புகளுக்குத் தங்க முலாம் பூசியிருப்பதால் வந்த எழுத்து. 1968-இல் வந்த பழைய 124-இலும் இதே 80 மி.மீ. எஃப்/3.5 யாஷினான் லென்ஸ்தான், இதே கோப்பல் ஷட்டர்தான். 124ஜி-இன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைத்தது. அந்த பேட்டரி இப்போது சந்தையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் அதிகமாக ஏறும். இருக்கிற வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் நெகட்டிவ் மெலிந்து, நிழல் பகுதியில் ஒன்றுமே பதியாமல் போகும். காது கேட்கும் கருவிக்கான ஸிங்க் ஏர் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் மின்னழுத்தம் சரியாகிவிடும். அப்போதும் அது காட்சி முழுவதற்கும் சராசரி பார்க்கிற மீட்டர்தான். மேலே வானம் நிறைய இருந்தால் ஏமாந்துவிடும். கையடக்க மீட்டரோ போனில் ஒரு மீட்டர் ஆப்போ போதும். மீட்டர் செத்துப்போன கேமரா குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதுதான் லாபம். மிச்சப் பணத்தை சர்வீஸுக்கு வையுங்கள்.

லென்ஸ் டெஸ்ஸார் வகை: மூன்று தொகுதியில் நான்கு கண்ணாடிகள். லென்ஸை முழுதாகத் திறக்கும் எஃப்/3.5-இல் நடுப்பகுதி கூர்மையாக வரும், ஓரங்கள் மென்மையாகிவிடும். முகம் நடுவில் இருக்கும் படத்துக்கு அது அழகுதான். திறப்பைச் சுருக்கி எஃப்/8, எஃப்/11-இல் வைத்தால் மூலை வரை தெளிவு பரவும். 56 மி.மீ. பக்கமுள்ள சதுர நெகட்டிவ், 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்கு பெரியது. அதனால் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமின் மணிகூட (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) உறுத்தாது. சாம்பல் நிறத்தின் படிகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் போகும். எதிர்வெளிச்சம்தான் இந்த லென்ஸின் பலவீனம். பழைய பூச்சு என்பதால் சூரியன் முன்பக்கம் இருந்தால் கறுப்பு வெளுத்துவிடும். லென்ஸின் முன் மாட்டும் பே 1 அளவு ஹூட் (வெளிச்ச மறைப்பு) கட்டாயம் வாங்குங்கள். அதே அளவில் மஞ்சள் ஃபில்டரும் ஒன்று. வானத்தில் மேகம் எழும்பித் தெரியும், ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது ஷட்டரை முதலில் பாருங்கள். 1 விநாடியில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் சீராக முனகி முடிய வேண்டும். பாதியில் திணறினாலோ திறந்தபடியே நின்றாலோ எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள். 1/125, 1/500 நன்றாக இருப்பதை மட்டும் காட்டி விற்பார்கள். மெதுவான வேகங்கள்தான் உண்மையைச் சொல்லும். செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள், பழைய ஷட்டர்கள் அதில் சிக்கி நிற்பதுண்டு. 1/500 வேண்டுமென்றால் ஃபிலிமைச் சுற்றுவதற்கு முன்பே அந்த வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். சுற்றி ஸ்பிரிங் முறுக்கேறிய பிறகு திருப்பினால் கையில் இறுக்கம் தெரியும். அந்த இறுக்கத்தை மீறக் கூடாது.

அடுத்து லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் பூஞ்சை. ஈரப்பதமுள்ள ஊர்களில் இருந்த கேமராக்களில் அது சகஜம். பிறகு ஃபோகஸ். மேல் லென்ஸில் பார்ப்பதும் கீழ் லென்ஸில் பதிவதும் ஒரே இடத்தில் கூடுகின்றனவா என்று தெரிய வேண்டும். பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் குறுக்கே மங்கலான செலோடேப்பை இறுக்கமாக ஒட்டுங்கள். அப்பர்ச்சர் 3.5, ஷட்டர் 'பி' (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை). கேபிள் ரிலீஸால் திறந்தே வைத்து, தூரத்திலுள்ள ஒரு கோபுரத்தைத் திரையில் கூர்மையாக்குங்கள். டேப்பில் விழும் தலைகீழ்ப் பிம்பமும் பூதக்கண்ணாடியில் அதே கூர்மையோடு இருந்தால் சரி. இல்லாவிட்டால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஃபிலிம் போடுவதில் தவறு நடப்பது ஒரே இடத்தில்தான். புது ரோல் கீழே, காலி ஸ்பூல் மேலே. ஃபிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாளின் நுனியை மேல் ஸ்பூலின் பிளவில் செருகிச் சுற்றும்போது, இன்னொரு கையின் கட்டைவிரல் கீழ் ரோலை லேசாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் சுருள் தளர்ந்து குண்டாகிவிடும். வெளியே எடுக்கும்போது ஓரங்களில் வெளிச்சம் புகுந்து, படத்தின் இரு பக்கமும் கறுப்பு நாக்குகள் போல நெகட்டிவில் தெரியும். தாளிலுள்ள அம்புக்குறி, உடம்பிலுள்ள தொடக்கக் குறிக்கு நேராக வந்ததும் மூடிவிட்டு, எண் காட்டியில் 1 வந்து தானாக நிற்கும் வரை சுற்றுங்கள். பின்மூடியில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு 120-க்கு உரிய இடத்தில் இருக்கிறதா என்று மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். 220 என்ற இன்னொரு வகை ரோலுக்குத் தள்ளியிருந்தால் அழுத்தம் மாறிவிடும்.

பாதி எடுத்த ரோலை வாரக்கணக்கில் உள்ளே விட்டுவைக்காதீர்கள். கீழே உருளையைச் சுற்றி ஃபிலிம் மடங்கி நிற்கிறது. அந்த வளைவு படிந்துபோனால் அந்தப் பகுதி தட்டையாக உட்காராது, ஃபோகஸ் நழுவும்.

எந்த ஃபிலிம்? இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல ஃபிலிம்தான், நிழலுக்கும் வீட்டுக்குள்ளும் அதுவே சரி. ஆனால் உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓவுக்கு 1/500, எஃப்/16 என்று வந்து நிற்கும். இந்த ஷட்டருக்கு 1/500-க்கு மேல் வேகம் கிடையாது, ஆகவே லென்ஸைத் திறக்க வழியே இருக்காது. அதே வெயிலில் இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ், 125 ஐஎஸ்ஓ போட்டால் 1/500-க்கு எஃப்/8. லென்ஸ் மிக நன்றாக வேலை செய்யும் இடம் அது. வெளியில் எடுப்பவர்களுக்கு எஃப்பி4 என்பதே என் தீர்ப்பு. ஹெச்பி5-இல் நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால் ஃபிலிம் சோர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்: மீட்டர் 10 விநாடி சொன்னால் சுமார் 20 விநாடி கொடுக்க வேண்டும்.

கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம். இருட்டுப் பையில் சுருளைப் பிரிக்கும்போது தாளுக்குள்ளிருந்து ஃபிலிமின் ஒட்டாத முனைதான் முதலில் வரும். ஒட்டிய முனை கடைசியில். அந்த டேப்பை வெடுக்கென்று பிய்க்காதீர்கள், நிலைமின் பொறி ஃபிலிமில் பதியக்கூடும். 120 அகலமானது, டாங்குக்குள் வைக்கும் ரீலில் ஏற்றும்போது ஓரிடத்தில் நொடிந்தால் பிறை வடிவத் தழும்பு நிச்சயம். ரீல் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும்.

ஃபிலிம் கழுவும் பேட்டர்சன் டாங்கில் 120-க்கு 500 மி.லி. வேண்டும். ஹெச்பி5-க்கு ஐடி-11 டெவலப்பர், 1+1 கலவையில் (சம அளவு தண்ணீர்) 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். குழாய்த் தண்ணீரே 30 டிகிரியில் வரும் ஊர்களில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும். பாட்டில்களை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, சுமார் 9 நிமிடம் கொடுங்கள். முதல் 10 விநாடியில் நான்கு முறை கவிழ்ப்பு, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் காற்றுக்குமிழி விலக டாங்கைத் தரையில் லேசாகத் தட்டுங்கள். ஸ்டாப் பாத் 10 விநாடி, ரேப்பிட் ஃபிக்ஸர் 1+4-இல் 5 நிமிடம். எல்லாத் திரவமும் கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். ஃபிலிம் பால்போல் மங்கலாக வந்தால் ஃபிக்ஸர் பழசு. புதிதாகக் கலந்து மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

காய்ந்த பின் மூன்று மூன்றாக வெட்டினால் நான்கு துண்டு. 8×10 அங்குலத் தாள் ஒன்றில் 12 படமும் நெகட்டிவ் அளவிலேயே, கான்டாக்ட் பிரின்ட்டாக அடங்கும். படங்களைப் பார்ப்பதற்கு முன் அவற்றுக்கு இடையிலுள்ள கறுப்பு இடைவெளிகளைப் பாருங்கள். ஒரே அகலத்தில் இருந்தால் சுற்றும் பல்சக்கரம் நலம். ஒன்று குறுகி, ஒன்று விரிந்து, ஒரு படம் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால், அடுத்த ரோலைப் போடுவதற்கு முன் கேமராவை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.