டிஎஸ்எல்ஆருக்குத் துணையாக ஒரு காம்பாக்ட்: ஜிஆர் 3 அனுபவம்

வேலைக்கு நான் வைத்திருப்பது கேனன் 5டி மார்க் 4 என்ற டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா. அதில் 24-70 எஃப் 2.8 லென்ஸைப் பொருத்தினால் எடை கிட்டத்தட்ட 1.7 கிலோ. வேலை நாளில் அது ஒரு பொருட்டே இல்லை. வேலை இல்லாத நாட்களில்தான் பை அலமாரியை விட்டு நகராது. அந்த நாட்களுக்காக ஒரு சின்ன கேமரா தேடி ரிக்கோ ஜிஆர் 3 வாங்கினேன். சில வருடங்களாக அது தினமும் கூடவே வருகிறது. பேட்டரி, கார்டு சேர்த்தே 257 கிராம்தான். பேன்ட் பையில் அடங்கிவிடும்.

தேடும்போது எல்லாரும் சொன்னது ஜூம் உள்ள காம்பாக்ட் (லென்ஸ் கழற்ற முடியாத சின்ன கேமரா). சோனி ஆர்எக்ஸ்100 வரிசை போன்றவை நல்ல கேமராக்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜூம் வேண்டிய வேலையை டிஎஸ்எல்ஆர் ஏற்கெனவே என்னிடம் செய்துகொண்டிருக்கிறது. அதையே சுமாராகச் செய்யும் இன்னொன்று எதற்கு? பெரிய கேமரா எட்டாத இடத்துக்குப் போவதுதான் துணைக் கேமராவின் வேலை என்று நினைக்கிறேன். அதனால் ஜூமை விட்டுவிட்டு சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லைப் பார்த்தேன். அந்த ஜூம் காம்பாக்ட்களில் இருக்கும் 13.2 × 8.8 மிமீ சென்சாரின் பரப்பு, 5டியில் இருக்கும் ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மிமீ) சென்சாரில் ஏழில் ஒரு பங்குதான். ஜிஆர் 3-இல் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார். பரப்பு ஃபுல் ஃப்ரேமில் நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே வரும். ஃபுல் ஃப்ரேம் கோப்புகளில் பழகிய கண்ணுக்கு, ரா கோப்பில் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிழல் பகுதியை வெளிச்சமாக்கும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். ரா கோப்பை டிஎன்ஜி என்ற பொதுவான வடிவத்திலேயே எழுதுவதால், எடிட்டிங் மென்பொருளில் 5டி படங்களோடு ஒரே வரிசையில் வைத்து இரண்டின் நிறத்தையும் ஒத்துப்போகச் செய்ய முடிகிறது.

இந்த கேமராவை நான் விடாமல் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை முன்கூட்டியே குறித்துவிடலாம். ஷட்டர் பொத்தானை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தினால், ஆட்டோஃபோகஸ் தேடலே இல்லாமல் அந்தத் தூரத்தில் படம் விழும். லென்ஸ் 18.3 மிமீ, அதாவது ஃபுல் ஃப்ரேமில் 28 மிமீ லென்ஸ் தரும் அகலமான கோணம். இதில் லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்து 2.5 மீட்டர் குறித்தால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். பகலில் நடந்துகொண்டே எடுக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. இந்த அமைப்பை டயலில் யூ1 என்ற இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் மிகக் குறைவு. 5டியைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் முகம் போஸுக்குத் தயாராகிவிடும். ஜிஆரைக் கண்டு யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த குடும்பப் படங்கள் எல்லாமே அப்படி எடுத்தவைதான்.

சரி, இல்லாதவை என்ன? கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, உள்ளே ஃபிளாஷ் இல்லை, மழைக்கும் தூசிக்கும் பாதுகாப்பு இல்லை. லென்ஸ் உள்ளே மடங்கும் கேமராவைச் சும்மா பையில் போட்டால் தூசி சேரும்; ஒரு மெல்லிய துணி உறை கட்டாயம். பேட்டரி ஒரு சார்ஜுக்கு சுமார் 200 படங்கள் என்பது ரிக்கோவே தரும் கணக்கு. 5டியின் 900க்குப் பழகியவர்கள் கூடுதல் பேட்டரியோடு சேர்த்தே வாங்குங்கள். யூஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கிலிருந்து ஏற்ற முடிவது பெரிய ஆறுதல். வீடியோ முக்கியம் என்றால் இது உங்களுக்கானதல்ல.

28 மிமீ எல்லாருக்கும் ஒத்துவராது. கிட்டே போய் முகம் எடுத்தால் மூக்கு பெரிதாகும். மனிதர்களையே அதிகம் எடுப்பவர்கள் 40 மிமீ கோணம் தரும் ஜிஆர் 3எக்ஸ் பக்கம் போகலாம். கண்ணருகே வைத்துப் பார்த்து எடுத்தால்தான் திருப்தி என்பவர்களுக்கு ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை, ஆனால் அதற்கு பேன்ட் பை போதாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிடுங்கள். ஒரே நிகழ்ச்சியில் இரண்டிலும் எடுத்த படங்களை நேர வரிசைப்படி அடுக்கும்போது, பல மணி நேர வேலை மிச்சம்.